கோதண்டபாணி எடுத்த எல்.சி.

கோதண்டபாணிக்குச் சிவப்பு விளக்கு ஆகாது. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் கம்பம் ஏறி இறங்கிய லைன்மேன். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும், எங்காவது ஒரு சிவப்புப் புள்ளி மின்னினால் அதை அணைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. விழுப்புரத்தில் அவர் வீட்டு டிவியின் மூலையில் மூன்று வாரமாக அப்படி ஒரு புள்ளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்க முடியாமல் அதை அமுக்கினார். அப்டேட் செய்யலாமா என்று அது கேட்டது. செய்துகொள் என்றார். அரை மணி நேரம் ஒரு வட்டம் சுற்றியது. முடிந்தபோது புள்ளி போயிருந்தது. கூடவே பேத்தியும் போயிருந்தாள்.

பேத்தி என்றால் நிஜப் பேத்தி இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். போனது, அவள் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை எடுத்த நானூற்றுப் பதினெட்டு வீடியோக்கள். குப்புற விழுந்தது, கேப்பைக் கூழை முகமெல்லாம் பூசிக்கொண்டது, பனமலைக் கோயில் படிக்கட்டில் தாத்தாவின் தோளில் தூங்கியது. வேறெங்கும் நகல் கிடையாது.

அந்த வீட்டில் இரண்டு பெட்டிகள் உண்டு. வீடியோ எல்லாம் இருப்பது அலமாரியில், வைஃபை கருவிக்குப் பக்கத்தில் இருக்கும் சேமிப்புப் பெட்டியில். டிவிக்குக் கீழே சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அலமாரிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து டிவியில் காட்டுவது அதன் வேலை. இத்தனை நாளும் இரண்டும் சம்பந்தி வீடுகள்போல, யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் போய்வந்துகொண்டிருந்தன. அப்டேட்டுக்குப் பிறகு சின்னதற்குக் கெடுபிடி வந்துவிட்டது. பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத பெட்டியைத் தொடமாட்டேன் என்றது.

"உள்ள எல்லாம் இருக்கும்பா. கதவுதான் பூட்டிக்கிச்சி" என்றாள் மகள் வெண்ணிலா. வளவனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "பொட்டிக்குள்ள போயி ஒரு பேரு உண்டாக்கினா போதும். ஆனா அதுக்கு அட்மின் பாஸ்வேர்டு வேணும்."

"அது யாருகிட்ட இருக்குது?"

வெண்ணிலா குழந்தையின் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுக்களையிலிருந்து அவர் மனைவி சின்னபொண்ணுதான் சொன்னாள்: "திண்டிவனத்துக்குத்தான் தெரியும்."

திண்டிவனம் என்பது அந்த வீட்டில் ஊரின் பெயர் அல்ல. வெண்ணிலாவின் முன்னாள் புருஷன் தேவாவின் பெயர். இரண்டு வருடத்துக்கு முன்பு, குடும்ப நீதிமன்றப் படி இறங்கிய அன்று, "அவன் பேரு இனிமே என் வூட்ல வரக்கூடாது" என்று கோதண்டபாணி சொன்னார். சின்னபொண்ணு புத்திசாலி. பெயரை விட்டுவிட்டு ஊரை வைத்துக்கொண்டாள்.

தேவா அடிக்கிறவனோ குடிக்கிறவனோ அல்ல. திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்த்தவன். மாமனார் ஓய்வுபெற்றபோது ஆசையாக அந்தப் பெட்டிகளை வாங்கிவந்து மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். பிறகு வேலை போயிற்று. போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது மாதம், காலையில் கழுத்தில் ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு அதே ரயிலில் ஏறினான், சாயங்காலம் அதே ரயிலில் இறங்கினான். "இன்னிக்கு மீட்டிங்ல ஒரே பேஜாரு" என்றுகூடச் சொல்லியிருக்கிறான். வேலை போனதற்கு வெண்ணிலா அழவில்லை, அந்த மீட்டிங்குக்குத்தான் அழுதாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை. பெயர் வரக்கூடாது என்று தடை போட்ட வீட்டில், தினமும் சாயங்காலம் அவன் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வீடியோ எடுத்தவனே அவன்தானே. முகம் எதிலும் இராது. "பாப்பா, இங்க பாரு, அப்பாவ பாரு" என்று பின்னாலிருந்து கூப்பிடும் குரல் மட்டும் இருக்கும். கோதண்டபாணி அதைக் கேட்காதவர்போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "ஃபார்மேட் போட்டுடலாம் சார். புதுசாட்டம் ஆயிடும்."

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும்."

கோதண்டபாணி துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தார். பெட்டியைப் பூட்டிக்கொள்ள வைத்தது திண்டிவனமும் அல்ல, வேறு யாரும் அல்ல. அமுக்கியது தன் விரல்.

செவ்வாய் மதியம் சின்னபொண்ணுவிடம் செல்லைக் கேட்டார். அவர் தன் செல்லில் அந்த நம்பரை அழித்திருந்தார், அவள் அழிக்கவில்லை. அழிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"மாமா?" என்றது குரல். தினமும் டிவியில் கேட்ட அதே குரல், கொஞ்சம் இளைத்திருந்தது.

"பொட்டி பூட்டிக்கிச்சி" என்றார் கோதண்டபாணி. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

தேவா இரண்டு மூன்று கேள்வி கேட்டான். பிறகு, "அந்த பாஸ்வேர்டு எனக்கு நெஜமாவே ஞாபகம் இல்ல மாமா" என்றான். "ஆனா அது வேணாம். பொட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊக்க வுட்டு அமுக்கிக்கினே இருங்க. நாலு செகண்டுல 'பீப்'னு ஒரு சத்தம் வரும். ஒடனே எடுத்துடுங்க. பாஸ்வேர்டு மட்டும் போயிடும், வீடியோ அப்டியே இருக்கும்."

"மறுபடி அமுக்கினா?"

"அமுக்காதீங்க. ரெண்டாவது தடவ அமுக்கினா எல்லாமே போனாலும் போயிடும்."

கோதண்டபாணி யோசித்தார். ஒன்பது மாதம் கூசாமல் பொய் சொன்ன வாய் இது. அந்தப் பெட்டிக்குள் கல்யாண வீடியோவும் இருக்கிறது. எல்லாம் ஒழிந்து போகட்டும் என்று அவன் நினைத்திருந்தால், எல்லாவற்றையும் அழிக்கிற அமுக்கையே பாஸ்வேர்டுக்கானது என்று மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். யாருக்குத் தெரியப் போகிறது?

அப்போது அவருக்கு மாசிலாமணி நினைவு வந்தது. சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர். லைனில் வேலை செய்யப் போகிறவன் அங்கே போன் போட்டு எல்.சி. வாங்க வேண்டும். எல்.சி. என்றால் லைன் கிளியர். ஆபரேட்டர் கரண்டை நிறுத்தி, கேட்டவன் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு "குடுத்தாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் கம்பத்தில் கால் வைக்கலாம். வேலை முடிந்ததும் வாங்கியவனே கூப்பிட்டுத் திருப்ப வேண்டும். அவன் குரல் வராமல் லைனில் கரண்ட் விடக்கூடாது. மாசிலாமணி வாயைத் திறந்தால் புளுகு. லீவுக்காகத் தன் பெரியப்பாவை மூன்று முறை சாகடித்தவர். ஆனால் அவர் கொடுத்த எல்.சி. ஒருநாளும் பொய்த்ததில்லை. அந்தக் குரலை நம்பிக் கோதண்டபாணி பதினோரு வருடம் கம்பம் ஏறினார். ஏறியும், தப்பிவரும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் கம்பியில் கை வைப்பார், அது வேறு விஷயம். இந்தப் பெட்டிக்கு எர்த் ராடு கிடையாது.

"திருப்பிச் சொல்லு" என்றார்.

தேவா முதலிலிருந்து சொன்னான். ஊக்கு, நாலு செகண்டு, ஒரு சத்தம், எடுத்துடணும். ஒரு வார்த்தை மாறவில்லை.

"வெச்சிடு. முடிச்சிட்டு நானே கூப்புடறேன்."

சின்னபொண்ணு வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். கோதண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டையைத் தேடினார். ஊக்கை விட்டு அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றும் காணோம். பாவி, கெடுத்துவிட்டானா என்று நினைத்து முடிப்பதற்குள் "பீப்" என்றது. சட்டென்று உருவிக்கொண்டு, ஊக்கைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். கை தானாக இன்னொரு தடவை அமுக்கிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

சாயங்காலம் வெண்ணிலா வந்து லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டி பழைய பாஸ்வேர்டைக் கேட்கவில்லை, புதிதாக ஒன்று வைக்கச் சொன்னது. வைத்தாள். சின்னக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு பெயர் உண்டாக்கி, டிவிப் பக்கமும் அதைக் கொடுத்தாள். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பாப்பாவுடையதை மட்டும் அவர் எண்ணச் சொன்னார். நானூற்றுப் பதினெட்டு.

குழந்தை ஓடிவந்து ஒன்றைப் போட்டாள். "பாப்பா, இங்க பாரு, அப்பாவ பாரு" என்றது டிவி. கோதண்டபாணிக்குக் கண் கலங்கியது. இந்த முறை அவர் கேட்காதவர்போல இருக்கவில்லை.

"இன்னொரு பேரு சேக்கலாமா?" என்று மகளிடம் கேட்டார்.

"யாருக்கு?"

"அவன்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா. ஒரு போட்டோகூட எடுத்துக்கினு போவல."

வெண்ணிலா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். "பாப்பா வீடியோ மட்டும் குடு. பாக்கலாம், அழிக்க முடியாது. அப்டி வையி. நம்ம லைன் வழியா அங்கேர்ந்தே பாக்கறமாதிரி நான் பண்ணித் தர்றேன்."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். எட்டிப் பார்த்த வெண்ணிலா, "திண்டிவனம்னு எதுக்குப்பா போடற? பேர போடு" என்றாள்.

கோதண்டபாணி அதை அழித்துவிட்டுத் தேவா என்று போட்டார். பிறகு செல்லை எடுத்தார். எல்.சி. வாங்கியவனேதான் திருப்ப வேண்டும்.

"வேலை முடிஞ்சிச்சி" என்றார். "எல்லாம் இருக்குது."

"சரிங்க மாமா" என்றான் தேவா. வைத்துவிடப் போனான்.

"இரு. ஒரு பேரும் பாஸ்வேர்டும் சொல்றேன், எழுதிக்க. பாப்பா வீடியோவ நீ அங்கேர்ந்தே பாக்கலாம்."

அந்தப் பக்கம் எதையோ இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பேனா எடுத்துக்கினு வர்றேன் மாமா. வெச்சிடாதீங்க."

"வெக்கல. பொறுமையா எடுத்துக்கினு வா" என்றார் கோதண்டபாணி.