வழக்கப்படி ஒரு தலைவி

எதையும் அவசரப்பட்டு மாற்றக்கூடாது என்பதுதான் எங்கள் சங்கத்தின் கொள்கை. பல்கலைக்கழகத்தில் மற்ற மாணவர்கள் எல்லாம் எதையாவது மாற்றியே தீருவோம் என்று கொடி பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருப்பது இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். பழைமை பேணும் ஒரு கட்சியின் மாணவர் கிளை என்று எங்களைச் சொல்லிக்கொண்டோம். அப்படி ஒரு கிளை இருப்பது கட்சிக்குத் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

நான் கொள்கை பிடித்துப்போய்ச் சேர்ந்தவள் அல்ல. மலையகத்தில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து படிக்க வந்தவள். பஸ் ஏற்றிவிடும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஸ்ட்ரைக்கு அது இதுன்னு போய் நின்னுறாத. படிச்சோமா, பட்டத்த வாங்குனோமான்னு வந்து சேரு." வகுப்புப் பகிஷ்கரிப்பை எதிர்த்த ஒரே சங்கம் இதுதான். சேர்ந்துவிட்டேன். இரண்டாம் வருடம் செயலாளர் ஆக்கினார்கள்.

சங்கத்துக்கு வயது அதிகமில்லை. ஆரம்பித்தவர்களே இன்னும் வேலை கிடைக்காமல் பதுளை டவுனில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வழக்கங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. முதல் கூட்டத்தன்று அடைமழை என்பதால் சிற்றுண்டிச்சாலையில் ஒதுங்கி நடத்தினார்களாம். அன்றிலிருந்து வெயில் மண்டையைப் பிளந்தாலும் கூட்டம் சிற்றுண்டிச்சாலையில்தான். முதல் தலைவர் எங்கோ நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டு அப்படியே டையோடு வந்தாராம்; அதனால் தலைவர் என்றால் டை. முதல் செயலாளருக்கு இருமல். வீட்டிலிருந்து பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாராம். ஆக, இருமலே இல்லாத நான் வாராவாரம் பிளாஸ்க் தூக்கினேன்.

இதையெல்லாம் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர் எங்கள் தலைவர். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் டையைத் தடவிக்கொண்டு, "முந்தி அப்படிச் செஞ்சிருக்கோமா?" என்று கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உபதலைவருக்கு ஊர் வெலிமடை. வீட்டில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றும் லொறிகள் நின்றன. உபதலைவராக இருப்பவர்தான் அடுத்த தலைவர் என்பது வழக்கம் என்பதால், அவர் டையை எப்போதோ வாங்கிவிட்டார். கோட்டும் தைக்கக் கொடுத்திருந்தார்.

எனக்கும் தலைவியாக ஆசை இருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பெண்கள். தொழிற்சங்கத் தலைவர் மட்டும் எப்போதும் ஓர் ஆம்பிளை. அவர் சைக்கிளில் வந்து இறங்கினால் பெண்கள் கூடையோடு ஒதுங்கி நிற்பார்கள். நாலு பேர் கூடி, 'இவள் இருக்கட்டும்' என்று என்னைக் கைகாட்டும் ஒரு நாளை நான் நிறையவே கற்பனை செய்திருக்கிறேன். அதனால் ஒரு கூட்டத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணே, இந்த வருசம் தலைவர் பதவிக்கு வோட்டு வச்சா என்ன? நானும் நிக்கிறேன்."

தலைவர் டையைத் தடவினார். உபதலைவர் மட்டும், "தேத்தண்ணியில சீனி குறைவா இருக்கு தங்கச்சி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிளாஸ்கை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

தலைவர் மாறும் முறையும் வழக்கப்படிதான். வருடாந்தக் கூட்டத்தில் செயலாளர் பிரதம விருந்தினருக்கு மாலை போடுவார். விருந்தினர் அதைக் கழற்றி மேசையில் வைப்பார். பழைய தலைவர் அதே மாலையை எடுத்துப் புதியவருக்குப் போடுவார். முதல் வருடம் ஒரு மாலைதான் கிடைத்தது போல. ஆகவே என்றைக்கும் ஒரு மாலை. விருந்தினர் கழற்றிய மாலை யார் கழுத்தில் விழுகிறதோ அவர் தலைவர். வேறு அறிவிப்பு இல்லை, கைதட்டல் மட்டும்தான்.

அதுவரை விருந்தினராக வந்தவர்கள் எல்லாம் விரிவுரையாளர்கள். அவர்கள் மாலையை ஏதோ அரிப்பு வந்தவர்கள் மாதிரி உடனே கழற்றி வைத்துவிடுவார்கள். அந்த வருடம் தலைவர் பெருமுயற்சி எடுத்து அரசியல் பிரமுகர் ஒருவரைப் பிடித்தார். தோட்டம் தோட்டமாகக் கூட்டம் பேசிப் பழகிய மனிதர். அப்புத்தளையில் மூடுபனியில் மாட்டிக்கொண்டு, பசியும் களைப்புமாக வந்து சேர்ந்தார்.

நான் மாலை போட்டேன். அவர் கும்பிட்டார். தோட்டத்துக் கூட்டங்களில் அரசியல்வாதிகள் செய்யும் மரியாதை ஒன்று உண்டு. போட்ட மாலையைக் கழற்றி, போட்டவர் கழுத்திலேயே திருப்பிப் போட்டுவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பஜாரிலும் லொறியிலும் வளர்ந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் கை மாலைக்குப் போனதும் என் தலை தானாகக் குனிந்தது. மாலை என் கழுத்தில் விழுந்தது.

பின்வரிசையில் இருந்தவர்கள், மாலை விழுந்தால் கைதட்ட வேண்டும் என்ற வழக்கப்படி கைதட்டினார்கள். அதைக் கேட்ட பிரமுகர், புதுத் தலைவி நான்தான் என்று நினைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்து, "பொம்பளப் புள்ளயத் தலைவி ஆக்கியிருக்கீங்க! இதுதான் நான் எதிர்பார்த்தது!" என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே போனார். புதுக் கோட்டில் உபதலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாளே அவசரக் கூட்டம். உபதலைவர் பொரிந்து தள்ளினார். "இது அநியாயம். வோட்டு வைங்க. யாரு வேணும்னு எல்லாரும் சொல்லட்டும்." பழைமைச் சங்கத்தில் முதல் புரட்சிக்காரர் அவர்தான்.

பழைய தலைவரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உபதலைவர் அவருடைய அறை நண்பர். ஆனாலும் மனுஷன் அசையவில்லை. "மாலை விழுந்திருச்சு மச்சான். விழுந்த மாலையக் கழட்டுன வழக்கம் நமக்கு இல்ல" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பதவி கையில் இருந்தது. ஆனால் எனக்கு அந்த மாலை போதவில்லை. தவறிக் கழுத்தில் விழுந்த ஒன்றை வைத்துக்கொண்டு எப்படித் தலைவி என்று நிமிர்ந்து நடப்பது?

"தலைவி சொல்றேன். வோட்டு வைங்க" என்றேன்.

முதலில் என் பெயரைச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. பொருளாளர் கை, பின்வரிசைக் கைகள், பழைய தலைவர் கை. கடைசியில், அழுதுவிடுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உபதலைவரும் கையைத் தூக்கினார்.

"அண்ணே, நீங்களுமா?" என்று கேட்டேன்.

"வேற என்ன செய்ய?" என்றார் அவர். "இருக்கிற தலைவர மாத்துறது நம்ம கொள்கைக்கே ஒத்துவராதே."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதிலே அவர்களுக்கு ஒரு நிம்மதி. என்னைத் தவிர யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குப் பதிலாக அந்தக் காய்ந்த மாலையைத் தலைவர் நாற்காலியில் வைத்திருந்தால்கூட, அதற்கும் இதே கைகள்தான் உயர்ந்திருக்கும். எனக்கு எதிராக ஒரேயொரு கை எழுந்திருந்தால் போதும், மற்றவை எனக்காக எழுந்தவை என்று நம்பியிருப்பேன்.