கிளியருக்கு அடியில் ஒரு பூச்சி

என் ரீவைண்டிங் கடைச் சுவரில், கருகிப்போன மோட்டார் சுருள்கள் தொங்கும் ஆணிகளுக்கு நடுவே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் தொங்குகிறது. நடுவில் நல்ல நீலம், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு. குஜிலியம்பாறைப் பக்கமிருந்து எரிந்த போர் மோட்டாரைத் தூக்கி வருகிறவர்கள், தண்ணீர் நின்ற கவலையிலும் அதை ஒரு தடவை பார்க்காமல் போகமாட்டார்கள். வீணையா என்று கேட்டவர் உண்டு. உங்கள் மகன் வாசிப்பானா என்று கேட்டவர் உண்டு. யாராவது ஒருவர் கிட்டப் போய், கொம்பு மாதிரி நீண்டிருக்கும் அதன் மேல் முனையை நகத்தால் சுரண்டுவார். அங்கே எள்ளளவு பூச்சி ஒன்று சிறகு விரித்தபடி கிடக்கிறது. எவ்வளவு சுரண்டினாலும் வராது. அது மேலே ஒட்டியிருக்கவில்லை, பெயிண்டுக்குள் இருக்கிறது.

அந்தக் கிட்டாரைச் செய்தவர் என் அக்காவின் கணவர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் வாத்தியார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார், கூடவே பாடவும் செய்வார். மீதி நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தளம் போட்ட சின்ன அறையில் கிட்டார் செய்துகொண்டிருப்பார். விற்பதற்கு இல்லை. பிடித்த ஆளுக்குச் செய்து கொடுப்பார், அவ்வளவுதான். எங்கே பழைய வீடு இடித்தாலும் போய் நின்றுவிடுவார். தேக்கு நிலைக்கால், வேங்கை உத்திரம் என்று எதையாவது டிவிஎஸ் வண்டியில் குறுக்கே கட்டிக்கொண்டு வருவார். வழியில் எத்தனை பேர் திட்டினார்களோ, அந்த மனிதருக்கு உறைக்காது. யாருக்குச் செய்கிறாரோ அவர் கையை முதலில் பிடித்துப் பார்ப்பார். விரல் குட்டையாக இருந்தால் கிட்டாரின் கழுத்தை மெலிதாக இழைப்பார், நீளமாக இருந்தால் கனமாக விடுவார். ஆறேழு பேர் இந்த ஊரில் அவர் செய்த கிட்டாரை வைத்திருக்கிறார்கள். அவர் மட்டும் கோயிலுக்குச் சொந்தமான பழைய கிட்டாரைத்தான் கடைசிவரை வாசித்தார்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது செம்புக் கம்பி. கிட்டாரின் கம்பிக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. காயில் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சுருள்தான் கிட்டார்க் கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும். அதைச் சுற்றித் தரச் சொல்லி மச்சான் கடைக்கு வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் ஏழரை குதிரைத்திறன் மோட்டார் சுற்றுகிறவன். யானைக்குச் சங்கிலி செய்கிறவனிடம் எறும்புக்குக் கொலுசு கேட்டால் எப்படி? தொட்டால் கம்பி அறும், மூச்சு விட்டால் அறும். நான் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளெல்லாம் சொல்லிச் சுற்றினேன். அவர் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒயரை ஸ்பீக்கருக்குக் கொடுத்து, அந்தக் காந்தத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினேன். ‘டொக்’ என்று கடை முழுக்கக் கேட்டது. மச்சான் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிய அக்காளை அப்படி நாலு பேர் முன்னால் கட்டிப்பிடித்திருப்பாரா, சந்தேகம்தான்.

மரம், கம்பி இதிலெல்லாம் ஒரு நிதானம் இருந்த மனிதருக்குப் பெயிண்டு என்று வந்தால் மட்டும் பேய் பிடித்துவிடும். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, நிறம் அடித்து, அதற்கு மேலே கிளியர் அடிப்பார். கிளியர் என்றால் காருக்குக் கடைசியாக அடிக்கிற நிறமில்லாத மினுமினுப்பு. ஹார்ட்னர் என்ற ஒரு மருந்தைக் கலந்துதான் அதை அடிக்க வேண்டும், கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இறுகும்வரை ஒரு தூசி விழக்கூடாது. எங்கள் ஊரில் தூசி விழாமல் இருக்க முடியுமா? ஆடிக் காற்றில் காடு மேடெல்லாம் எழுந்து வீட்டுக்குள் வந்து உட்காரும். மழை பெய்தால் பூச்சி. அதனால் மச்சான் அந்த அறையின் ஒரே ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே நின்று அடிப்பார். மனது கேட்காமல் நான் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்தேன். அது கதவிடுக்கு வழியாகத் தூசியை இழுக்கிறது என்று அட்டை வைத்து அதையும் அடைத்துவிட்டார். மூக்குக்குக் கொரோனா காலத்துத் துணி மாஸ்க். வெளியே வரும்போது கண் சிவந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வருவார்.

கார் பெயிண்டு அடிக்கிற ஒருவரிடம்தான் மச்சான் கலக்கும் அளவு கற்றிருந்தார். அவரே ஒரு நாள் என் கடைக்கு வந்து, வாத்தியாருக்குக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். அவர்கள் ஷெட்டின் கதவைத் திறந்து போட்டு அடிப்பார்களாம். தூசி விழுந்தால் விழட்டும், காய்ந்த பிறகு தேய்த்துப் பாலிஷ் போட்டுக்கொள்வார்களாம். நான் மச்சானிடம் சொன்னேன். காருக்கு அது போதும் மாப்ள என்றார். இந்த ஒரு வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கார் என்ன பாவம் செய்தது, கிட்டார் என்ன புண்ணியம் செய்தது?

முதலில் இருமல். வகுப்பில் சாக்பீஸ் தூசி என்றார். பிறகு நெஞ்சில் விசில் சத்தம். பிறகு பூசையில் பாட்டின் ஒரு அடியைப் பாதியில் விட்டுவிட்டு, வாசிக்க மட்டும் செய்தார். பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்குத் தெரியாதா என்ன? மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள், நானும் போனேன். நெஞ்சு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ஹார்ட்னர் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டது, இனி ஒரு துளி வாடை போதும், மூச்சுக்குழாய் இறுகிவிடும், திரும்பி வராமலும் போகலாம் என்று நேராகவே சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா அந்த அறைக்கு ஒரு பூட்டைப் போட்டாள். எங்கள் ஊர்ப் பூட்டுதான், ஆட்டுக்கல் கனம் இருக்கும். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“கட்டைக்கு மினுமினுப்பு வேணும்னு மூச்ச வித்துக்கிட்டு இருக்கீங்க. நான் யாரோட இருக்கிறது, கிட்டாரோடவா?”

மச்சான் அவள் கையைப் பிடித்து, இனிக் கிளியர் அடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மரவேலை மட்டும் செய்கிறேன், அதற்கு வாடை இல்லை என்றார். கொஞ்ச நாளில் அக்கா சாவியைக் கொடுத்துவிட்டாள். உள்ளே இந்த நீலக் கிட்டார் நிறத்தோடு நின்றுபோய்க் கிடந்தது. நிறம் அடித்தாயிற்று, கிளியர் பாக்கி. அவர் தனக்கென்று செய்த முதல் கிட்டார் அது. தன் கையைத் தானே பிடித்துப் பார்த்துச் செய்தது. கிளியர் இல்லாத நிறம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும், தொட்டால் கீறும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் எப்படித்தான் பொறுத்தாரோ.

நிலக்கோட்டையில் அவர் தங்கைக்குப் பூ வியாபாரம். அங்கே ஒரு விசேஷத்துக்கு அக்கா பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போக இருந்தாள். அதற்கு முந்திய நாள் மச்சான் கடைக்கு வந்தார். எப்போதும் என் கம்ப்ரசரைத்தான் பெயிண்டு அடிக்க எடுத்துப் போவார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“ஒரே ஒரு கோட்டு மாப்ள. செத்த நேரம்தான்.”

“காத்து அடிச்சுத் தரவா மச்சான், சங்கு ஊதவா? போயி அக்காகிட்ட கேட்டுட்டு வாங்க.”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கொடுக்காவிட்டால் ஊரில் கம்ப்ரசருக்கா பஞ்சம்? எங்கோ ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். மறுநாள் மாலை அக்கா பை நிறையக் கனகாம்பரமும் மல்லிகையுமாக வந்து இறங்கியபோது, அவர் பின்வாசல் படியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் கொடுத்த, மூச்சுக்கு ஊதுகிற மருந்து காலியாகிக் கீழே கிடந்ததாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது முடிந்துவிட்டது. அக்கா கையில் அந்தப் பூப்பை அப்படியே இருந்தது.

அக்கா அழுதது கொஞ்சம்தான். கோபம் அழுகையை மூடிவிட்டது. அடக்கம் முடிந்து நாலைந்து நாள் கழித்து அந்த அறையைத் திறந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. வாக்குக் கொடுத்த மனிதர் பழையபடியே அடைத்துக்கொண்டு நின்றார், என்னையும் பிள்ளைகளையும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கிட்டாரை என் தலையில் கட்டி, ‘என் கண்ணில் படாமல் கொண்டுபோ’ என்றாள். நான் அதைச் சாக்கில் சுற்றிக் கடைப் பரணில் போட்டுவிட்டேன். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து வேலை இல்லாத ஒரு மழை மதியம் பிரித்தேன். கழுத்து தயாராக இருந்தது, நான் சுற்றிய காயில்களும் இருந்தன. பூட்டிவிடலாம் என்று துடைக்கும்போதுதான் மேல் முனையில் அந்தப் பூச்சி தட்டுப்பட்டது. நானும் எல்லோரையும்போல் முதலில் சுரண்டினேன். பிறகுதான் அது கிளியருக்குள் இருப்பது தெரிந்தது. ஈரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, மச்சான் அதற்கு மேலேயே கிளியரை அடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு தூசி விழுந்தால் முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்கிற ஆள். டேப் ஒட்டிச் சாத்திய அறைக்குள் அவர் அடித்த கிட்டார்கள் எதிலும் ஒரு பூச்சி கிடையாது. அன்றைக்கு ஜன்னல் திறந்திருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய கலவரத்தில் ஜன்னலை யார் கவனித்தார்கள்? அந்த வாரமும் மழைதான். சாரல் அடிக்கிறதென்று வந்த சனத்தில் யாராவது சாத்தியிருப்பார்கள்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கல்லறைத் திருநாள்வரை தள்ளிப்போட்டேன். அன்றைக்கு எல்லாக் குடும்பமும் கல்லறையைக் கழுவி, பெயிண்டு அடித்து, பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும். நான் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டு வாங்கிப் போயிருந்தேன். அக்கா மூடியைத் திறக்கவே விடவில்லை. “இவருக்குப் பெயிண்டு வேணாம், சுண்ணாம்பு போதும்” என்றாள். சுண்ணாம்புக்கு அலைந்து வாங்கி வந்து அடித்தேன். திரும்பும் வழியில் கடையைத் திறந்து கிட்டாரைக் காட்டினேன். பூச்சியைக் காட்டினேன். நான் நினைத்ததை எல்லாம் சொன்னேன். அவர் உன் வார்த்தையை அடியோடு தூக்கிப் போடவில்லை, முடிந்தவரை பிழைத்துக் கிடக்கத்தான் பார்த்திருக்கிறார் என்றேன்.

அக்கா வெகுநேரம் அந்த இடத்தில் விரலை வைத்திருந்தாள். அவர் போன பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“சன்னலத் தொறந்த மனுசன், கதவத் தொறந்து வெளிய வந்திருக்கலாம்லடா?”

கிட்டாரை மட்டும் இனிப் பரணில் போடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் சுவரில் மாட்டினேன். எல்லாம் பூட்டியாகிவிட்டது, கம்பி மட்டும் கட்டவில்லை. அக்கா சொல்லட்டும் என்று இருக்கிறேன். கடைப்பக்கம் வரும்போதெல்லாம் முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போகிறாள், கம்பியைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

இன்று காலையும் ஒரு சம்சாரி, மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு நகத்தோடு கிட்ட வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்கண்ணே. சன்னல் தொறந்திருந்துச்சு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, தண்ணீர் இல்லாமல் தக்காளி வாடுது, மோட்டார் எப்பக் கிடைக்கும் என்று கேட்டார்.