ஹாலில் விரித்த பாய்

குணமாகியிருந்த பாலுறவுத் தொற்று எனக்கு மறுபடியும் வந்துவிட்டது. முன்பு எங்கள் இருவருக்கும் மருந்து கொடுத்த, எங்கள் ஊரான உலு திராமின் டாக்டர், "உங்க வீட்டுக்காரரும் மாத்திரை போட்டாரா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அதையே கேட்டேன்.

"எனக்குத்தான் ஒன்னும் செய்யலையே லா. எதுக்கு மருந்து?"

தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்ப்பவள் நான். பாதிப் பழுதோடு எதையும் ஓடவிட்டதில்லை.

"ரெண்டு பேருக்கும் நோய் இல்லன்னு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நீங்க ஹால்ல படுங்க," என்றேன்.

"அலமாக்! நாளைக்கு அம்மா சிகாமட்லேருந்து வராங்க. கேட்டா என்ன சொல்றது?"

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

உடனே மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்கினார். என் உடம்புக்காகச் செய்யாததை அம்மாவுக்குப் பயந்து செய்தார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மறுநாள் இரவு, மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கணவருக்கு ஹாலில் பாய் விரித்தேன்.