பேனரில் தப்பி நின்ற கை

என் அக்கா வீட்டுக்காரர் நேற்று போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லையில் இவர் விட்ட குறட்டைக்கே எதிரிப் படை பத்து மைல் பின்வாங்கியது என்று எங்கள் ஊர் கெடார் முதல் திண்டிவனம் வரை கதை பரப்பியவன் அடியேன்.

இன்று கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க, அவர் மகளோடு விழுப்புரத்தில் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

“மிலிட்டரிக்காரர்னு சொல்லிக்கினு லுங்கி போட்டோ குடுக்கிறீங்களே சார்?” என்றார் கடைக்காரர்.

வேறு எது இருக்கும்? லீவில் வந்து இறங்கியதுமே மாமா யூனிஃபார்மைக் கழற்றிவிடுவார். அடுத்த வேலை, மகளைத் தோளில் ஏற்றிக்கொள்வது. போட்டோவும் அந்தக் காலத்தில் அப்படி எடுத்ததுதான்.

கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே யூனிஃபார்ம் மாட்டினார். பின்னால் பனிமலை, பக்கத்தில் பீரங்கி. தோளில் இருந்த குழந்தையை அழித்தார். மாமாவின் காதைப் பிடித்திருந்த குட்டிக் கை மட்டும் தப்பி நின்றது.

“இருங்க சார், அதையும் எடுத்துட்றேன்.”

பக்கத்தில் நின்ற மாமாவின் மகள் திரையில் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள்.

“வேணாங்கண்ணா. அது என் கை. அங்கயே இருக்கட்டும்.”

“அப்படியே பிரிண்ட் போடுங்க” என்று பணத்தை எடுத்து வைத்தேன்.

பேனரைக் கெடார் பஸ் ஸ்டாப்பில் கட்டியாகிவிட்டது. அதில் தப்பு கண்டுபிடிக்கும் மேதாவிகள் இங்கேயே கமெண்ட்டில் வந்து என்னைத் திட்டுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.