ரெண்டு மொழியிலும் திக்கும் ஹாரிகா

கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் லட்சுமிநாராயணனின் மகள் ஹாரிகாவுக்கு நாலு வயதில் திக்கல் தொடங்கியது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எதில் வாயைத் திறந்தாலும் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும்.

சொந்தக்காரர்கள் எல்லாம் வைத்தியர்களானார்கள். ஒருத்தி நாக்கில் வசம்பைத் தேய்த்தாள். இன்னொருவர் கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நாக்கு காந்தியது, மணி பளபளத்தது, திக்கல் அப்படியே இருந்தது.

பள்ளிக்கூட டீச்சர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ரெண்டு மொழி பேசுனா கொழந்தை கொழம்பிப்போயிருமுங்க. ஊட்டுலயும் தமிழே பேசுங்க."

லட்சுமிநாராயணன் அன்றைக்கே தெலுங்குக்குத் தடை போட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்தது நூல் வியாபாரிகளிடம் பேசும் தமிழ்தான். பெண்டாட்டி அம்புஜத்தைத் தமிழில் திட்டிப் பழக்கமில்லை. "ஏனுங்க, கொழம்புல உப்புத் தூக்கலா இருக்குதுங்களே" என்று அவர் கோபப்பட, அம்புஜம் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் சண்டை நின்றது. திக்கல் நிற்கவில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரித்திகாவிடம் போனார்கள்.

"ரெண்டு மொழியால திக்காதுங்க. எதுல வேணாப் பேசுங்க. அவ பேசறப்ப மட்டும் நீங்க நடுவுல பூந்து வார்த்தைய முடிச்சுடாதீங்க" என்றாள் ரித்திகா.

திரும்பும் பஸ்ஸில் லட்சுமிநாராயணன் ஊர் வரும்வரை அம்புஜத்தைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே வந்தார். அவளும் விடவில்லை.

பயிற்சியில் திக்கல் குறைந்தது, போகவில்லை. ஹாரிகா வளர்ந்து, படித்து, ஊரிலேயே தறி உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன் எடுப்பதும் அவள்தான்.

போன தை மாதம் பெண் பார்க்க வந்தார்கள். வாயைத் திறக்காதே என்று அம்புஜம் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

"பொண்ணு பேசவே மாட்டேங்குதே?" என்றார் மாப்பிள்ளையின் மாமா சீனிவாசலு.

"கூச்சமுங்க" என்றாள் அம்புஜம்.

"கூ... கூச்சமெல்லாம் இல்லீங்க" என்றாள் ஹாரிகா. "எனக்குத் தி... திக்கும். தெ... தெலுங்குலயும் திக்கும். பே... பேசிக் காட்டட்டுங்களா?"

பஜ்ஜியைக் கடித்த சீனிவாசலு மெல்வதை மறந்தார். அம்புஜம் சாமிப் படத்தைப் பார்த்தாள். லட்சுமிநாராயணனுக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் தகவல் வந்தது. பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஹாரிகாவுக்கு ஒரு மணி நேரம் ஆத்திரமாக இருந்தது. அப்புறம் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

போனில் ஒருவர் பறந்தார்: "பெல்ட் வெலையச் சீக்கிரஞ் சொல்லம்மிணி!"

"அ... அவசரம்னா சோமனூர்க் கடையில கே... கேட்டுக்குங்க."

"இல்லைங்க, மெதுவாவே சொல்லுங்க" என்றார் அவர்.