ஜெபத்துக்குப் பிறகு தேநீர்

எங்கள் சபையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. போதகர் வீடு சந்திக்க வந்தால் முதலில் ஜெபம், பிறகுதான் தேநீர். குசினியில் கேத்தல் கொதித்தபடி காத்திருக்கும். 'ஆமென்' கேட்டதும் தட்டு வெளியே வரும். என் அப்பா போதகர். சனிக்கிழமைகளில் அவரோடு கொட்டாஞ்சேனை மாடிப்படிகளை ஏறி இறங்கிய எனக்கு, பக்தி என்பது பெரும்பாலும் லெமன் பஃப் பிஸ்கட்டாகவே இருந்தது.

ஐந்தாம் மாடிப் பெரியவர் வீட்டில் மட்டும் ஜெபமும் இல்லை, தேநீரும் இல்லை. தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி நோயில் கிடந்தபோது சபையே கூடி ஜெபித்தது. ஆனாலும் அந்த அம்மா பிழைக்கவில்லை. அதன்பின் பெரியவர் ஆலயத்துப் பக்கமே வருவதில்லை.

"வாறதெண்டா வாங்கோ பாஸ்டர். ஆனா என்ர வீட்டுக்குள்ள ஜெபம் பண்ணக்கூடாது" என்றார், கதவைப் பாதி திறந்தபடி.

"சரி அண்ணை, பண்ணமாட்டன்" என்ற அப்பா அவருடைய காலைப் பார்த்தார். சீனி வருத்தம், நீரிழிவு. குனிய முடியாததால் நகங்கள் வளைந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே ஒரு விரல் போய்விட்டது. இனிப் புண் வந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்களாம்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வேதாகமத்தோடு ஒரு நகவெட்டியையும் பையில் வைத்தார். பெரியவரின் பாதங்களை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, நிலத்தில் முழங்காலூன்றி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். வேதாகமம் பைக்குள்ளேயே கிடந்தது. லிப்ட் பழுதான வாரங்களிலும் போனார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு ஜெபமும் இல்லாம வாறதெண்டா, என்னத்துக்குப் போறியள்?"

"நகம் வளருதே" என்றார் அப்பா.

அப்பா தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. அவருக்காக நானாவது வென்று காட்டுவதென்று முடிவு கட்டினேன். ஒருநாள் அப்பா நகம் வெட்டிக்கொண்டிருக்கையில், கண்ணை இறுக மூடி, ஞாயிறு பள்ளியில் படித்த ஜெபத்தை உரத்த குரலில் தொடங்கினேன்.

"நிப்பாட்டு!"

அப்பா அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. "நான் அண்ணைக்கு வாக்குக் குடுத்தனான்."

ஜெபம் செய்ததற்காகப் போதகரிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை கொழும்பிலேயே நான் ஒருத்திதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா கடைசி நகத்தையும் வெட்டி, விரலிடுக்குகளைத் துடைத்து, எழுந்து பையை எடுத்தார். பெரியவர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது.

"இருங்கோ பாஸ்டர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

தட்டில் லெமன் பஃப்பும் இருந்தது. ஜெபம் இல்லாமலே பிஸ்கட் வந்துவிட்டதே, சட்டம் உடைந்துபோயிற்றே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அழுகையை மறந்து இரண்டு எடுத்தேன். அப்பா குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தேநீரின் ஆவி பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் சட்டம் உடையவேயில்லை, அப்பாவின் ஜெபம் முடிந்த பிறகுதான் தேநீர் வந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.