இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்

பிலவேந்திரனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் இந்த மே மாதத்தோடு ரிட்டயர் ஆகிறார் என்று தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மீதிப் பேர் வெடி வாங்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். நான் மட்டும் இரண்டிலும் சேரவில்லை.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து சைக்கிளில் ஒரு மிதி தூரம். ஊர்க்கோடியில் டிரான்ஸ்பார்மர். அதை ஒட்டி என் கோழிப்பண்ணை. தடவைக்கு மூவாயிரம் பிராய்லர் வளர்க்கிறேன். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் அரை மணி நேரத்தில் கோழிகள் வாயைப் பிளந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் சாயத் தொடங்கிவிடும். அதனால் மாதம் ஒரு நாள் வருகிற பராமரிப்பு மின்தடை என்றாலே எனக்கு ஆகாது. அதைச் செய்ய வருகிற வயர்மேன் பிலவேந்திரன்.

ஆள் ராயப்பன்பட்டிக்காரர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பதினோரு வருடம் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் நட்டவர். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் கம்பம் தன் தோளில் வந்ததுதான் என்று சொல்லிக்கொள்வார். யாரும் கேட்காமலே சொல்வார். வேலை நிரந்தரமான பிறகு எங்கள் பக்கம் போட்டார்கள். அப்போதெல்லாம் பரவாயில்லை, நாலு பேரோடு சிரித்துப் பேசுகிற மனுஷன்தான். ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் பன்னிரண்டுக்குள் வேலையை முடித்துவிட்டு, அம்மாவாசி கடையில் வடை தின்றுகொண்டிருப்பார். கூடவே ஒச்சாண்டி இருப்பார். ஒச்சாண்டி எங்கள் ஊர்க்காரர், பிலவேந்திரனுக்குத் துணை ஆள், மரம் ஏறுகிற மாதிரி சரசரவென்று கம்பம் ஏறுகிறவர். வெற்றிலைகூடப் போடாத ஆள்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒச்சாண்டி கம்பத்தில் இறந்தார். அதற்குப் பிறகு பிலவேந்திரன் வேறு ஆளாகிவிட்டார்.

இரண்டு மணி வரை மின்தடை என்று அறிவித்தால் இரண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். ஒரு நிமிடம் முந்தாது. ஆயில் அளவு பார்ப்பார். கம்பியைத் தாங்குகிற பீங்கானை ஒவ்வொன்றாகத் துடைப்பார். நட்டுகளை முடுக்குவார். பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு, அதற்குள் நீலக் குருணை இருக்கும். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகிவிடும். அதைக் கொட்டிப் புதுசு போடுவார். எர்த் குழி காய்ந்திருந்தால் என் தொட்டியிலிருந்துதான் நாலு குடம் தண்ணீர் எடுத்து ஊற்றுவார். கேட்டு எடுக்கிற பழக்கம் கிடையாது.

பீஸ் அடிக்கடி போகக்கூடாது என்று நாலு இழைக் கம்பியை முறுக்கிக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு, மெல்லிசுக் கம்பியைக் கட்டிவிட்டுப் போவார். மறுநாளே மோட்டார் போட்டதும் பீஸ் போகும். ஊரே அவரைத் திட்டும். ஒரு தடவை கல்யாண வீட்டுக்காரர்கள் கம்பியில் கொக்கி மாட்டி சீரியல் செட் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு வருகிற நேரம் பார்த்துக் கொக்கியை இழுத்துவிட்டார். அன்றைக்கு அவருடைய மொபெட்டின் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே சின்னமனூர் ரோடு வரைக்கும் போனார். ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஏய்யா, ஊருக்கெல்லாம் ஒரு வயர்மேன் இருக்காக, எங்களுக்கு மட்டும் எமனா வந்து வாச்சிருக்கே" என்று நானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

"கம்பியத் தொட்டுப் பாரு, எமன் யாருன்னு தெரியும்" என்றார்.

இப்படித்தான் பேசுவார். ஆனால் என்னிடம் மட்டும் இன்னொன்று செய்வார். மின்தடை நாளில் முதலில் என் பண்ணைக்குத்தான் வருவார். உட்கார மாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். "மெயினை எறக்கு" என்பார். இறக்குவேன். பீஸ் கட்டையைப் பிடுங்கிக் காக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அப்படிப் போடும்போது பையின் வாயை நன்றாக விரிப்பார். உள்ளே ஒரு கறுப்பு ஒயர் சுருட்டிக் கிடக்கும். நான் பார்க்கிறவரைக்கும் விரித்தே வைத்திருப்பார். பார்த்ததும் மூடிவிட்டுப் போய்விடுவார். ஆறு வருடம், மாதத்துக்கு ஒரு தடவை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஒயர் என்னுடையது.

அன்றைக்கும் மே மாதம்தான். காலையில் நிறுத்திய கரண்ட், மத்தியானம் ஆகியும் வரவில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்றாவது கம்பத்தில் ஒரு இணைப்பு கருகிக் கிடந்தது, அதையும் இன்றே முடித்துவிடுவோம் என்று நின்றார்கள். என் ஜெனரேட்டர் காலையிலிருந்து மக்கர். என் வீட்டுக்காரர் மெக்கானிக்கைக் கூட்டிவரத் தேனிக்குப் போயிருந்தார். கோழி பத்து, இருபது என்று சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் புத்தி என் வசத்தில் இல்லை. செத்த கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் பிலவேந்திரன் காலடியில் எறிந்தேன்.

"ஒன் வீட்டு அடுப்புல போட்டுக் குழம்பு வையி. இன்னும் மூவாயிரம் இருக்கு, அதையும் கொண்டாரேன்."

சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். எர்த் ராடு என்று ஒன்று வயர்மேன்களிடம் உண்டு. ஒரு முனையைக் கம்பியில் மாட்டி மறுமுனையை மண்ணில் அடித்துவிட்டால், எங்கிருந்து கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், ஏறுகிறவன் பிழைத்துக்கொள்வான். அது மொபெட்டில் கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்த்து அடிக்கக் கால் மணி நேரம் ஆகும். பிலவேந்திரன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒச்சாண்டியிடம், "ஏறி ஒரு முடுக்கு முடுக்கிட்டு எறங்கிரு" என்றார்.

நான் பண்ணைக்குத் திரும்பி ஆத்திரத்தில் ஜெனரேட்டரை ஓங்கி இழுத்தேன். பாழாய்ப்போனது அப்போதுதான் கிளம்பியது. கரண்ட் மாற்றுகிற சுவிட்ச் போன மாதமே எரிந்து போயிருந்தது. அதற்காக நாங்களே ஒரு ஒயர் செய்து வைத்திருந்தோம், இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை ஜெனரேட்டரில் சொருகி, மற்றதைச் சுவரில் இருக்கிற சாக்கெட்டில் சொருகினால் பண்ணை முழுக்க ஃபேன் ஓடும். எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்வதுதான். முதலில் மெயினை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கரண்ட் பண்ணையோடு நிற்காது, தெருக்கம்பிக்கும் போய்விடும்.

மெயினை இறக்கவில்லை. மறந்துவிட்டேன். ஃபேன் சுற்றியதும் கைகூப்பினேன், அது ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் வெளியே கம்பத்தடியில் கூச்சல் கேட்டது.

ஜெனரேட்டர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பிலவேந்திரன் ஓடி வந்தார். ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் சுருட்டிப் பைக்குள் போட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

விசாரணை வந்தது. ஒயரை அவர் காட்டவில்லை. காட்டினால் அடுத்த கேள்வி, ராடு ஏன் போடவில்லை என்பது. ராடு போடவில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால், கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அவர் கழுத்து என் கையில், என் கழுத்து அவர் கையில். கடைசியில் இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அம்மாவாசி டீக்கடையில், கரண்ட் எப்படி வந்தது என்று ஆளாளுக்கு நோண்டிக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "காலையிலயே ஒச்சாண்டிகிட்ட வாடை அடிச்சுச்சு. நான் பக்கத்துல நின்னேன்ல?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஒச்சாண்டி குடித்துவிட்டு ஏறினார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் அதைச் சொன்னபோது பிலவேந்திரன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். டீக்காசை வைத்துவிட்டு எழுந்து போனார். ஒச்சாண்டியின் மனைவி மொக்கம்மாள் தெருவில் போனால், "குடிகாரன் பொண்டாட்டி" என்று பின்னால் பேசினார்கள். மகள் பாண்டீஸ்வரிக்கு வந்த ஒரு சம்பந்தம் அதைச் சொல்லித்தான் தட்டிப்போனது.

ராயப்பன்பட்டி கிளாரா டீச்சர் சமீபத்தில் ஒரு தடவை என்னிடம் கோழி வாங்க வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எங்க மாதா கோயில்ல பிலவேந்திரன்னு ஒருத்தர், ஞாயித்துக்கெழம தவறாம வர்றாக. கடைசி பெஞ்சுல உக்காருறாக. எல்லாரும் சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கப் போவோம், அவுக மட்டும் எந்திரிக்கிறதே இல்ல. சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனமும் பண்றதில்ல. ஆறு வருசமா அவுக சம்சாரம் ஞானசெல்வி அழுகுது." அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. அவருக்காவது எழுந்து போகாமல் உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

இந்த மே மாதம் அவருடைய கடைசி மின்தடை, ரிட்டயர் ஆகிற அன்றைக்கே வந்தது. வழக்கம்போல வந்தார், பீஸ் கட்டையைப் பிடுங்கினார், பையை விரித்தார், போனார். ஐந்து மணி நேரம், ஒரு நட்டு விடாமல் பார்த்தார். அவர் கடைசி நாளாச்சே, இன்றைக்காவது சீக்கிரம் விடுவார் என்று ஊர் நினைத்தது. இரண்டு மணிக்குத்தான் விட்டார்.

கரண்ட் வந்த பிறகு திரும்பவும் பண்ணைக்கு வந்தார். பீஸ் கட்டையை மாட்டினார். ஒயரை எடுத்துத் தீவன மூட்டை மேல் வைத்தார்.

"மொக்கம்மா வீட்டுக்குப் போறேன். ராடு போடாம ஏத்திவிட்டேன்னு சொல்லப் போறேன். ஒயரப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். அது ஒன் சாமான்."

"ஆறு வருசம் கழிச்சு நல்லவராகப் பாக்குறீரோ? ரிட்டயர்டு ஆகுற அன்னைக்கா நெனப்பு வந்துச்சு?"

"ஆமா. அதுவரைக்கும் பயம்" என்றார். மொபெட்டைக் கிளப்பினார்.

செத்த கோழிகளை எரிக்கிற குழி பின்னால்தான் இருக்கிறது. ஒயரை அதில் போட எடுத்துக்கொண்டு போனேன். போடத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் அங்கே என்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஒயர் கையிலேயே இருந்தது.

மொக்கம்மாள் வாசலில் வாழை இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். பிலவேந்திரன் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். ராடு, மொபெட், கால் மணி நேரம், எல்லாம். அவள் நாரை இழுத்து முடிந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப கரண்டு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

நான் வந்து நிற்பது தெரிந்தும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவரை இன்னும் வெறுத்தேன். நானே சொல்லும்படி விட்டுவிட்டாரே.

ஒயரை இலைக்கட்டின் மேல் வைத்தேன். "எம் பண்ணையிலருந்து" என்றேன். மெயினை இறக்காததைச் சொன்னேன்.

மொக்கம்மாள் ஒரு பிளக்கைத் தூக்கிப் பார்த்தாள். மறுமுனையையும் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"எம் புருசன் அன்னைக்குக் குடிச்சிருந்தாகளா?"

"இல்லத்தா" என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"அத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீக? அவுகளோட இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்துனவ நானு. எனக்குத் தெரியாதா?" சத்தமே போடவில்லை அவள். "தெரியாதவக இருக்காகள்ல, அங்கன போயிச் சொல்லுங்க. இங்கன நிக்காதீக."

இலைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் முன்னால் நடந்தாள். நாங்கள் போய்ச் சொல்கிறோமா என்று பார்க்க நடக்கிறாள் என்று தெரிந்தது. பின்னாலேயே போனோம். அவர் தெருவின் ஒரு ஓரம், நான் மறு ஓரம்.

அம்மாவாசி கடையில் சாயங்காலக் கூட்டம். பிலவேந்திரனைப் பார்த்ததும், "என்ன வயர்மேனு, நாளையிலருந்து எங்கள யாரு கொல்லுவா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொன்னேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். ஒச்சாண்டி குடிக்கவில்லை. கரண்ட் என் பண்ணையிலிருந்து போனது. ராடு போடவில்லை என்பதைப் பிலவேந்திரன் சொன்னார். பாலைக் கொதிக்கவிட்டுவிட்டு அம்மாவாசி என்னையே பார்த்தார்.

"ஏத்தா முத்துப்பேச்சி, வாடை அடிச்சுச்சுன்னு அன்னைக்கு இதே எடத்துல நீதான சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்ப வாடை?"

"அடிக்கல."

சாலைக்கு அந்தப் பக்கம் தலையில் இலைக்கட்டோடு நின்றிருந்தாள் மொக்கம்மாள். கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். பிறகு சின்னமனூர் பஸ் வந்தது. இலைக்கட்டை ஏற்றிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.